சேர்ந்து நின்ற 2013ல் தோல்வி, பிரிந்து நின்ற 2018ல் வெற்றி: கூட்டணிக் கணக்கு எங்கே உதைக்கிறது?

கிள்ளான்_காரன்

வணக்கம். நேற்று மாமாக் கடையில் ஆரம்பித்த சண்டை, தே தாரேக் ஆறிப்போன பிறகும் முடியவில்லை. அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

என் நண்பனின் வாதம் இது: ஆளும் கூட்டணி மலைபோல் உட்கார்ந்திருந்தால், எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்வதைத் தவிர வேறு வழி கிடையாது. தொகுதிக்கு ஒரே வேட்பாளர், நேரடி மோதல், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நம் மலேசியக் கணக்கைப் பார்த்தால் எங்கேயோ உதைக்கிறது. 2013ல் அன்வாரின் கெஅடிலான், சீனர் ஆதரவு அதிகமுள்ள ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி), இஸ்லாமியக் கட்சியான பாஸ் மூன்றும் மக்கள் கூட்டணியாக ஒன்றாக நின்றன. 50.87 விழுக்காடு வாக்கு வாங்கின. ஆளும் கூட்டணியான தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 47.38தான். ஆனால் நாற்காலி? 222ல் 89. தேசிய முன்னணி 133ஐ வைத்துக்கொண்டு ஜாலியாக ஆட்சி நடத்தியது.

2018ல் பாஸ் தனியாகப் போய்விட்டது. திரும்பிய பக்கமெல்லாம் மும்முனைப் போட்டி. "போச்சு, ஓட்டு பிரிஞ்சிடும்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் மற்ற எதிர்க்கட்சிகள் சேர்ந்த நம்பிக்கைக் கூட்டணி பாதி வாக்குகூட வாங்காமல் புத்ராஜெயாவுக்குப் போய் ஆட்சியமைத்தது.

அப்போ இந்த ஒற்றுமை கிற்றுமை எல்லாம் சும்மாவா? 2008ல் எனக்கு ஓட்டுப் போடும் வயதில்லை. அப்போது ஓடியாடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

தம்பி, இரண்டு தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாகக் கேட்கிறீர்கள்.

2013 தோல்விக்குக் காரணம் ஒற்றுமையோ ஒற்றுமைக் குறைவோ இல்லை, தொகுதி எல்லை. உங்கள் பக்கத்து ஊர் காப்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்தலில் காப்பாரில் 1,44,159 வாக்காளர்கள். புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்.பி.தான். புத்ராஜெயாக்காரர் ஒருவரின் ஓட்டு, காப்பார்க்காரர்கள் ஒன்பது பேரின் ஓட்டுக்குச் சமம். எதிர்க்கட்சிக்கு விழுந்த வாக்குகள் பட்டணத்துப் பெரிய தொகுதிகளில் மலைமலையாகக் குவிந்து வீணாயின. முன்னணியின் வாக்குகள் சின்னச் சின்னக் கிராமத் தொகுதிகளில் சிக்கனமாகப் பரவியிருந்தன.

2018 வேறு கதை. மும்முனைப் போட்டி என்றால் எதிர்க்கட்சி ஓட்டுதான் பிரியும் என்று ஏன் முடிவு கட்டினோம்? மூன்றாவது ஆள் யாருடைய பையிலிருந்து எடுக்கிறான் என்பதுதானே கேள்வி. பிரதமர் நஜிப் மேல், 1எம்டிபி நிதி ஊழல் மேல், ஜி.எஸ்.டி. மேல் கோபமாக இருந்த எத்தனையோ மலாய்க்காரர்களுக்கு ஜ.செ.க. இருக்கும் கூட்டணிக்கு ஓட்டுப் போட மனம் வரவில்லை. பாஸ் தனியாக நின்றதால் அவர்கள் போக ஓர் இடம் கிடைத்தது. முன்னணியின் வாக்கு 47லிருந்து 34 விழுக்காட்டுக்குக் கிட்ட இறங்கியது. அந்த ஓட்டெல்லாம் நம்பிக்கைக் கூட்டணிக்கு வரவில்லை. முன்னணியை விட்டுப் போனதே போதுமானதாக இருந்தது.

பழைய_கிளைச்_செயலாளர்

நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன். முன்னணியில் இருந்த இந்தியர் கட்சியான ம.இ.கா. கிளையில் பல வருடம் செயலாளர். திட்டுகிறவர்கள் முதலிலேயே திட்டிவிடுங்கள், பிறகு பேசுவோம்.

ஆளும் கூட்டணி ஏன் அவ்வளவு காலம் அசையவில்லை என்று பார்க்காமல் எதிர்க்கட்சிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 1955ல் மலாய்க்காரர்களின் அம்னோ, சீனர்களின் ம.சீ.ச., எங்கள் ம.இ.கா. சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. மிச்சம் ஒன்று பாஸுக்குப் போனது. 1969 கலவரத்துக்குப் பிறகு துன் ரசாக் இன்னும் பல கட்சிகளை உள்ளே இழுத்துத் தேசிய முன்னணியைக் கட்டினார். பாஸ்கூடச் சில வருடம் உள்ளே இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னால் நம்பமாட்டார்கள்.

எங்கள் பலம் எது தெரியுமா? தொகுதிப் பங்கீட்டில் சண்டை வெளியே வராது. உள்ளே நாற்காலி பறக்கும். ஆனால் கடைசியில் அம்னோ சொன்னதுதான் முடிவு. "இந்த முறை இந்தத் தொகுதி உங்களுக்கு இல்லை" என்றால் இல்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டு அடுத்தவன் வேட்பாளருக்குக் கொடி கட்டுவோம். எல்லாருக்கும் ஒரே சின்னம், தராசு. கீழே இருக்கும் ஓட்டர் வேட்பாளரின் பெயரைக்கூடப் படிக்க வேண்டாம்.

எதிர்க்கட்சியில் "நீ விட்டுக்கொடு" என்று சொல்லும் அதிகாரம் யாரிடமும் இருந்ததில்லை. உண்மை வித்தியாசம் அதுதான்.

கிள்ளான்_காரன்

ஐயா, திட்ட மாட்டோம். ஆனால் அந்த விட்டுக்கொடுப்பில் நமக்கு என்ன மிஞ்சியது என்று தனி இழை போட்டால் வருவீர்களா? :)

1990 பற்றிச் சொல்லுங்கள். தெங்கு ரசாலி கிட்டத்தட்ட ஜெயித்துவிடுவார் என்ற பேச்சு இருந்தது என்று அப்பா சொல்வார்.

பழைய_கிளைச்_செயலாளர்

தனி இழைக்கு வருகிறேன், ஹெல்மெட் போட்டுக்கொண்டு.

1990ல் நாங்கள் உண்மையிலேயே பயந்தோம். அம்னோவே உடைந்து, ரசாலி செமாங்காட் 46 ஆரம்பித்திருந்தார். ஆனால் அவர் கட்டியது ஒரு கூட்டணி இல்லை, இரண்டு. பாஸோடு ஒன்று, ஜ.செ.க.வோடு ஒன்று. ஏனென்றால் அந்த இரண்டும் ஒரே மேசையில் உட்காரத் தயாராக இல்லை. நடுவில் இவர் ஒரு கையை அங்கேயும் ஒரு கையை இங்கேயும் கொடுத்துக்கொண்டு நின்றார். வாக்களிப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது சபாவின் பி.பி.எஸ். கட்சி முன்னணியைவிட்டு அந்தப் பக்கம் தாவியது. எங்கள் கிளையில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

அப்புறம் ஒரே ஒரு படம். சபாவுக்குப் போன ரசாலிக்கு அங்கே கடாசான் இனத்தாரின் தலைப்பாகையைக் கட்டிவிட்டார்கள். அதன் மடிப்பில் இருந்த வடிவம் பார்ப்பதற்குச் சிலுவை மாதிரித் தெரிந்தது. அந்தப் படத்தைப் பத்திரிகையிலும் டிவியிலும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மலாய்க் கிராமங்களில் அதற்கு மேல் செராமா, அதாவது பிரசாரக் கூட்டம், தேவைப்படவில்லை. 180ல் 127 எங்களுக்கு. ரசாலியின் கட்சி 1996ல் கலைந்து அம்னோவுக்கே திரும்பிவிட்டது.

கொள்கை அறிக்கை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்தத் தலைப்பாகைதான் ஞாபகம் இருக்கிறது.

கிழக்குக்_கரை

கிளந்தானில் வளர்ந்தவன் என்பதால் பாஸ் பற்றி இந்தத் தளத்தில் எழுதினால் அடி விழும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

1999ஐ யாரும் தொடவில்லை. துணைப் பிரதமர் அன்வார் பதவிநீக்கம், காவலில் அடிபட்ட அவருடைய கருப்புக் கண், ரிஃபோர்மாசி போராட்டம் என்று நாடே கொதித்த நேரம். முதல் முறையாக பாஸும் ஜ.செ.க.வும் ஒரே கூட்டணியில், மாற்று முன்னணியில், உட்கார்ந்தன. விளைவைப் பாருங்கள். பாஸ் 27 இடம், கிளந்தானோடு திரெங்கானுவும் கைக்கு வந்தது. ஜ.செ.க.வுக்கு 10. லிம் கிட் சியாங்கும் கர்ப்பால் சிங்கும் பினாங்கிலேயே தோற்றார்கள். பாஸோடு சேர்ந்ததற்காகச் சீன வாக்காளர்கள் கொடுத்த தண்டனை அது. 2001ல் இஸ்லாமிய நாடு விவகாரத்தில் ஜ.செ.க. வெளியே போய்விட்டது. 2004ல் தேசிய முன்னணி 219ல் 198ஐ அள்ளியது.

ஆக, மேசையில் உட்கார்ந்து தொகுதி பிரித்துக்கொள்வது சுலபம். இவர் ஆள் அவர் சின்னத்துக்கு முத்திரை குத்த வேண்டுமே, அது 1999ல் சரியாக நடக்கவில்லை. மலாய்க்காரர்கள் ஜ.செ.க.வின் ராக்கெட்டுக்குப் போட்டார்களா, சீனர்கள் பாஸின் நிலாவுக்குப் போட்டார்களா என்று கேட்டால் இரண்டுக்கும் பதில் அரைகுறைதான்.

கணக்குப்பிள்ளை

@கிழக்குக்_கரை சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நான் சொல்ல வந்ததும் இதுதான்.

2008 மார்ச் 8 அன்று மக்கள் கூட்டணி என்று ஒன்று இல்லவே இல்லை. இதை நிறைய பேர் மறந்துவிட்டார்கள். பொதுச் சின்னம் இல்லை, பொதுத் தேர்தல் அறிக்கை இல்லை, யார் பிரதமர் என்பதும் இல்லை. மூன்று கட்சிகளும் "நீ அங்கே நிற்காதே, நான் இங்கே நிற்கவில்லை" என்று முட்டிக்கொள்ளாமல் தொகுதி ஒதுக்கிக்கொண்டன, அவ்வளவுதான். கெஅடிலான் 31, ஜ.செ.க. 28, பாஸ் 23. மொத்தம் 82. மூன்றில் இரண்டு பெரும்பான்மை போனது. கிளந்தான், கெடா, பினாங்கு, பேராக், சிலாங்கூர் என்று ஐந்து மாநிலம் எதிர்க்கட்சிக்கு.

கூட்டணிக்கு மக்கள் கூட்டணி என்று பெயர் வைத்தது ஏப்ரல் 1. தேர்தல் முடிந்து 24 நாள் கழித்து. ஓட்டர்கள் வாக்குச் சாவடியிலேயே கூட்டணி அமைத்துவிட்டார்கள். தலைவர்கள் வந்து பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

அதனால் கிள்ளான் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: மேலே கையெழுத்தாகும் ஒப்பந்தத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கட்சியின் ஓட்டு இன்னொரு கட்சிக்கு மாறி விழுகிறதா என்று பாருங்கள். 1999ல் ஒப்பந்தம் இருந்தது, ஓட்டு மாறவில்லை. 2008ல் ஒப்பந்தம் இல்லை, ஓட்டு மாறியது.

பேராக்_குரல்

அந்த ஓட்டு ஏன் மாறியது என்று சொல்லாமல் விட்டால் எப்படி?

2007 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, பாடாங் ஜாவா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 இந்தியர் உரிமைக்கான இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. விடியற்காலை பத்துமலை வாசலில் கண்ணீர்ப்புகை, அப்புறம் ஜாலான் அம்பாங்கில். எங்கள் ஊரில் இருந்து மட்டும் எத்தனை வேன் போனது என்று எனக்குத் தெரியும், நானும் ஒன்றில் இருந்தேன். டிசம்பரில் ஐந்து பேரை இசாவில், அதாவது விசாரணையில்லாத காவல் சட்டத்தில், உள்ளே தள்ளினார்கள். அதில் மனோகரன் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார்.

அந்தப் பேரணிக்கு முன்னால் எங்கள் தெருவில் பாஸுக்கு ஓட்டுப் போடு என்று சொன்னால் துடைப்பத்தை எடுப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பச்சைக்கொடி பிடித்தவர்கள் செராமாவில் "மக்கள் சக்தி" என்று தமிழில் கத்தினார்கள். மலாய்க்காரர்கள், தலையில் தொப்பியோடு! கூட்டத்தில் நின்ற எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு 1974லிருந்து எம்.பி. அவரை டாக்டர் ஜெயகுமார் 1,821 வாக்கில் தோற்கடித்தார். டாக்டர் சோசலிசக் கட்சியான பி.எஸ்.எம். ஆள், நின்றது கெஅடிலான் சின்னத்தில்.

கிள்ளான்_காரன்

@பேராக்_குரல் அந்த டாக்டர் 2018ல் என்ன ஆனார்?

பேராக்_குரல்

கேட்பீர்கள் என்று தெரியும். 2018ல் பி.எஸ்.எம். நம்பிக்கைக் கூட்டணிக்கு வெளியே நின்றது. தொகுதிப் பேச்சு ஒத்துவரவில்லை. சுங்கை சிப்புட்டில் கூட்டணி கெஅடிலான் வேட்பாளரை நிறுத்தியது, அவர் ஜெயித்தார். பத்து வருடம் எம்.பி.யாக இருந்த டாக்டருக்கு வைப்புத்தொகைகூடத் திரும்பவில்லை.

அந்தத் தொகுதியில் அவரிடம் வைத்தியம் பார்க்காத, அவர் கையால் மனு எழுதி வாங்காத தோட்டத்துக் குடும்பம் கொஞ்சம்தான். அவர்களே எங்களிடம் சொன்னார்கள்: "டாக்டர் நல்லவர்தான், ஆனா இந்தத் தடவை அரசாங்கத்தை மாத்தணும்." கூட்டணி அலை என்பது எதிரியை மட்டும் அடித்துக்கொண்டு போகாது.

பேராக்கின் இன்னொரு கதையும் இருக்கிறது. 2008ல் மாநிலத்தில் ஜ.செ.க. 18, கெஅடிலான் 7, பாஸ் 6. மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், ஆனவர் பாஸின் நிசார், மூன்றில் சின்னக் கட்சியிலிருந்து. மாநில அரசியலமைப்பின்படி மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். முதலில் முணுமுணுப்பு இருந்தாலும் மனுஷர் நன்றாகவே ஓட்டினார். ஆனால் 31க்கு 28 என்ற வித்தியாசத்தில் மூன்று பேர் நழுவினால் கதை முடிந்தது. 2009 பிப்ரவரியில் சரியாக மூன்று பேர் நழுவினார்கள். மே மாதம் சட்டமன்றத்தில் சபாநாயகர் சிவகுமாரைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்தோம். நம் பையன் ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான் என்று ஒரு வருடம் பெருமைப்பட்டிருந்தோம்.

தோட்டத்துப்_பேத்தி

எல்லாரும் பெரிய கணக்குப் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. கட்சியெல்லாம் அவருக்குச் சின்னம்தான். தராசு, ராக்கெட், நிலா. 2008 வரைக்கும் தராசு. கங்காணி போடு என்றார், அப்புறம் கிளைத் தலைவர் போடு என்றார். 2008ல் அவரே முடிவு பண்ணி ராக்கெட். 2013லும் ராக்கெட்.

2018ல் தீபகற்பம் முழுக்க நம்பிக்கைக் கூட்டணி கெஅடிலான் சின்னத்தில்தான் நின்றது. கூட்டணியின் சொந்தச் சின்னம் பதிவாகவில்லை. ஜ.செ.க. அரை நூற்றாண்டாகத் தூக்கித் திரிந்த ராக்கெட்டைக் கீழே வைத்தது. தலைவர்களுக்கு அது தியாகம். எங்களுக்கு அது தலைவலி! போதாததற்கு முன்பு முன்னணியின் பிரதமராக இருந்த மகாதீரும் இப்போது இந்தப் பக்கம். பாட்டிக்கு எப்படிப் புரியவைப்பது?

நாளிதழில் வந்த சின்னத்தை வெட்டி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். "பாட்டி, இது கண்ணு மாதிரி இருக்கு பாருங்க. நடுவுல வெள்ளை, சுத்தி நீலம். இதுதான்." பாட்டி கேட்டார்: "அப்ப ராக்கெட்டு?" "ராக்கெட்டும் இதுதான்." "அப்ப மகாதீரு?" "அவரும் இதுதான்." பாட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "மகாதீருக்கு எதுராத்தானே ராக்கெட்டுக்குப் போட்டோம்?"

எனக்குப் பதில் இல்லை. சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

சிங்கப்பூர்_பஸ்

பாட்டி கேட்டது பி.எச்டி. கேள்வி!

நான் அப்போது ஜூரோங்கில் வேலை. தேர்தலைப் புதன்கிழமை வைத்தார்கள். வெளியூரில் இருப்பவன் வரக்கூடாது என்றே வைத்தது மாதிரிதான் எங்களுக்குப் பட்டது. பொது விடுமுறை என்று அப்புறம்தான் அறிவித்தார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாத மாணவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் ட்விட்டரில் பணம் அனுப்பினார்கள். ஜொகூர் பாலத்தில் நான் நின்ற வரிசையில் முன்னால் ஒரு சீன அங்கிள், பின்னால் இரண்டு மலாய்ப் பையன்கள். யாரும் யாரையும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

வழியில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதில் மகாதீரின் முகம் இருந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள், விதிமீறலாம். அந்த ஓட்டையைப் பார்த்ததும் பஸ்ஸே கைதட்டியது. தாளில் கையெழுத்துப் போட்ட கூட்டணி இருக்கட்டும், எனக்குக் கூட்டணி என்றால் அந்த பஸ்தான்.

கணக்குப்பிள்ளை

அன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணும் ஏஜெண்ட். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. எங்கள் அறையில் இந்தப் பக்கம் நான் ஒருவன், ஜ.செ.க. உறுப்பினர். பக்கத்து அறையில் பாஸிலிருந்து பிரிந்த அமானா கட்சியின் ஒரு உஸ்தாஸ் (மத ஆசிரியர்). அதற்கடுத்த அறையில் மகாதீரின் பெர்சத்துக் கட்சிப் பெண்மணி, மூன்று வருடம் முன்னால் வரை அம்னோ மகளிர் பிரிவு. மூன்று பேரும் ஒரே பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

எண்ணி முடித்தாயிற்று. நாங்கள் முன்னிலை. ஆனால் வாக்கு எண்ணிக்கைப் படிவமான போராங் 14ல் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி போனைப் பார்க்கிறார், வெளியே போகிறார், வருகிறார், பேனாவை மட்டும் எடுக்கவில்லை. அந்தத் தாள் இல்லாமல் நாங்கள் சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒன்றரை மணி நேரம். பெர்சத்து அம்மாதான் வந்து நாற்காலியை அவர் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் உங்கள் பக்கத்தில் இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவள். எதற்காகத் தாமதம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்று மலாயில் சொன்னார், குரலை உயர்த்தாமல். பேனா வந்தது.

ஆளும் கட்சியில் இருந்து பிரிந்து வந்தவர்கள் கூட்டணிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பூட்டுப் போட்டவனுக்குச் சாவி எங்கே இருக்கும் என்று தெரியும்.

பழைய_கிளைச்_செயலாளர்

அதே ஆள் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நம்பிக்கைக் கூட்டணியின் 113 இடத்தில் பெர்சத்துவுக்கு 13. பிரதமர் பதவி அவர்களுக்கு. 2018 ஜனவரியில் மகாதீரைப் பிரதமர் வேட்பாளர் என்று அறிவித்தபோது, பிறகு அன்வாரிடம் ஒப்படைப்பார் என்றார்கள். எப்போது? தேதி எழுதவில்லை. எங்கள் கிளையில் ஒரு நாற்காலி வாடகைக்கு எடுத்தால்கூடத் திருப்பிக் கொடுக்கும் தேதி எழுதித்தான் கையெழுத்து வாங்குவோம். 22 மாதத்தில் ஷெரட்டன் ஹோட்டலில் கூடிப் பேசிப் பக்கம் மாறினார்கள். 2020 பிப்ரவரியில் மகாதீர் ராஜினாமா, மார்ச் 1 பெர்சத்துவின் முகைதீன் பிரதமராகப் பதவியேற்பு. நம்பிக்கைக் கூட்டணியைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி இல்லை. உள்ளேயிருந்தவர்கள்தான்.

கிழக்குக்_கரை

தேதி ஒன்றுதானா காரணம்? சினிமா மாதிரி ஒரே ராத்திரியில் வந்தது இல்லை. 2018 டிசம்பரில் ஐசெர்ட் என்ற இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கைக்கு எதிர்ப்புப் பேரணி, 2019ல் அம்னோவும் பாஸும் கைகோத்தன, நவம்பரில் தஞ்சோங் பியாய் இடைத்தேர்தலில் ஆளும் தரப்பு 15,086 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. மலாய் ஓட்டு கையைவிட்டுப் போகிறது என்று பெர்சத்துவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவன் கப்பலில் இருப்பானா?

முந்தைய கூட்டணியும் இப்படித்தான். 2015 ஜூனில் ஜ.செ.க.வோடு உறவில்லை என்று பாஸ் மாநாடு முடிவெடுத்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன் பிப்ரவரியில் பாஸின் மூத்த தலைவர் நிக் அசிஸ் காலமானார். இரண்டு பக்கமும் மதித்த மனிதர் அவர். அவர் போன பிறகு பாஸின் ஹாடி அவாங்கும் ஜ.செ.க.வின் லிம் குவான் எங்கும் பேசிக்கொள்ள நடுவில் ஆள் இல்லை.

[பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

மேலே இருந்த பதிவில் ஒரு மதத்தாரை மொத்தமாகத் திட்டியிருந்ததால் நீக்கிவிட்டேன். கட்சியைத் திட்டுங்கள், தலைவரைத் திட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்ட இங்கே இடமில்லை. தொடருங்கள், நல்ல இழை.

சிங்கப்பூர்_பஸ்

கூட்டணியில் இண்ட்ராப்புக்கு என்ன ஆனது என்று யாராவது எழுதுங்கள். 2008ல் ஓட்டை மாற்றியதே அவர்கள்தான் என்றால், பங்கீட்டில் அவர்களுக்கு என்ன கிடைத்தது?

பேராக்_குரல்

வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறீர்கள்.

இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கலப்புத் தொகுதிகளில் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் தராசு இறங்கும், அவ்வளவுதான் நம் பலம். அந்தப் பலத்தைக் கொண்டுபோய் எந்த மேசையில் வைப்பது என்று 2008க்குப் பிறகு இயக்கமே இரண்டு மூன்றாகப் போனது. 2013ல் இண்ட்ராப் தலைவர் வேதமூர்த்தி நஜிப்போடு ஒப்பந்தம் கையெழுத்திட்டுத் துணையமைச்சர் ஆனார், ஒரு வருடம் ஆவதற்குள் விலகினார். 2018ல் நம்பிக்கைக் கூட்டணி அரசில் அமைச்சர். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டார், அதற்குமேல் நான் சொல்லவில்லை.

பலன் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பினாங்கில் ராமசாமி இரண்டாவது துணை முதல்வரானது 2008க்கு முன் நினைத்தும் பார்க்க முடியாதது.

கிள்ளான்_காரன்

நிறையத் தெளிந்தது. ஆனால் ஒரு புதுக் குழப்பம். இப்போது "எதிர்க்கட்சிக் கூட்டணி" என்றால் அது பாஸும் பெர்சத்துவும் இருக்கும் பெரிக்காத்தான் நேஷனல். ஆளும் பெரிய கூட்டணி என்றால் அன்வாரும் அம்னோவும். 2022 நவம்பரில் 82 இடத்தோடு நின்ற நம்பிக்கைக் கூட்டணி, 30 இடம் வைத்திருந்த தேசிய முன்னணியோடு சேர்ந்துதான் ஆட்சிக்கு வந்தது. @கணக்குப்பிள்ளை சொன்ன ஓட்டு மாறும் விதி இவர்களுக்கும் பொருந்துமா?

கணக்குப்பிள்ளை

அச்சு அசலாகப் பொருந்தும். 2023 ஆகஸ்ட் மாநிலத் தேர்தலில் சிலாங்கூரைப் பாருங்கள். நம்பிக்கைக் கூட்டணி 12 தொகுதிகளைத் தேசிய முன்னணிக்கு விட்டுக்கொடுத்தது. ஜெயித்தது இரண்டே இரண்டு. ஜ.செ.க. ஓட்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு தராசுக்கு விழுந்தன. ஆனால் அம்னோவின் சொந்த ஓட்டில் பெரிய பங்கு பெரிக்காத்தானுக்குப் போய்விட்டது. மொத்தம் 56ல் அரசுக்கு 34, எதிர்க்கட்சிக்கு 22. மூன்றில் இரண்டுக்கு 38 வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. 2022ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டது. பேராக்கின் மூன்று பேர் மாதிரி எம்.பி.க்கள் தனித்தனியாகத் தாவுவது இனி சுலபமில்லை. ஆனால் கட்சியே மொத்தமாகப் பக்கம் மாறினால் அந்தச் சட்டம் தடுக்காது.

@தோட்டத்துப்_பேத்தி உங்கள் பாட்டி 2023ல் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. சிலாங்கூர்தானே நீங்கள்?

தோட்டத்துப்_பேத்தி

சிலாங்கூர்தான். எங்கள் தொகுதியை முன்னணிக்கு விட்டுவிட்டார்கள்.

ஃபிரிட்ஜில் 2018ல் ஒட்டிய அந்தக் கண் இன்னும் இருந்தது, ஓரமெல்லாம் மஞ்சளாகி. அதைக் கிழிக்காமல் பக்கத்தில் தராசை வெட்டி ஒட்டினேன். பாட்டிக்கு இப்போது பார்வை கொஞ்சம் மங்கல், கிட்டே போய்ப் பார்த்தார். "இது சாமிவேலு சின்னம்லா?" என்றார். ஆமாம் பாட்டி, ஆனால் இப்போது இதுவும் நம்முடையதுதான் என்று ஏதோ உளறினேன்.

வாக்களிக்கும் நாள் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். திரை மறைவுக்குள் நிறைய நேரம் இருந்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு மலாய் மாக்சிக் (வயதான அம்மா), "பரவாயில்லை, நிதானமாகப் போடட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், எதுக்குப் போட்டீங்க பாட்டி என்று. "இத்தனை வருஷமா நீங்க சொன்னதுக்குத்தான் போட்டேன். இந்தத் தடவை நான் போட்டதை நீங்க கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, வடை வாங்க வண்டியை நிறுத்தச் சொன்னார்.